பானைக்குள் ஞானதாசன்

என் தங்கை ஞானபாயின் புருஷன் ஞானதாசனைப் பற்றி யாரும் எழுதப்போவதில்லை. அவர் கோயில் கட்டவில்லை, பள்ளிக்கூடம் வைக்கவில்லை, சபைக் கமிட்டியில் இருந்துகொண்டு யாரோடும் சண்டை போடவில்லை. எங்கள் சபையில் இந்த மூன்றில் ஒன்றையாவது செய்யாத ஆணின் பெயர் கல்லறையோடு முடிந்துவிடும். அதனால்தான் நான் எழுதுகிறேன். அவர்மேல் எனக்குப் பெரிய பிரியம் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் பேச்சை எடுத்தாலே எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்த காலம் உண்டு. அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது என்றுதான் இன்றும் சொல்வேன்.

பூதப்பாண்டிக்குக் கிழக்கே ஆலடிக்குளத்தின் கரையில் ஓட்டு வீடு அவருடையது. கல்யாணமான கையோடு சிலோனுக்குக் கப்பலேறி, ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தார். தேயிலை விலை விழுந்து தோட்டங்களில் ஆள் குறைத்தபோது, 1930-ல், ஊர் திரும்பினார். சிலோனிலிருந்து வருகிறவர்கள் தையல் மெஷின் கொண்டுவருவார்கள், கிராமபோன் கொண்டுவருவார்கள், ஒன்றுமில்லாவிட்டால் டிரங்குப் பெட்டி நிறையப் பொய்யாவது கொண்டுவருவார்கள். இவர் கொண்டுவந்தது கொல்லன் துருத்திபோல இழுத்து விரிக்கிற ஒரு மடக்குக் கேமராவும், வைக்கோலில் பொதிந்த கண்ணாடித் தகடுகளும்.

எங்கள் அப்பா சுந்தர்சிங் நாகர்கோவிலில் நெல் வியாபாரி. வேடிக்கையாகப் பேசுவார், ஆனால் அவர் வைத்ததுதான் வீட்டில் சட்டம். அவர் அந்தக் கேமராவைச் சுற்றி வந்து பார்த்தார்.

"மாப்பிளே, இதைக் கொண்டு என்னவாக்கும் செய்யப் போறீரு?"

"பறவையளப் படம் பிடிக்கணும் மாமா."

"பறவையையா? அது வந்து ஒம்மகிட்ட கேட்டுதா?"

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்து வீடுகளுக்குக் கேமரா வருவது சாவுக்குத்தான். சவப்பெட்டியைச் சற்றுச் சாய்த்து வைத்து, குடும்பம் முழுக்கச் சுற்றி நின்று ஒரு படம் எடுப்பார்கள். உயிரோடிருந்தபோது படமே எடுக்காத மனிதருக்குச் செத்தபிறகு ஒன்று இருக்கும், அதையே சட்டம் போட்டு முன்னறையில் மாட்டுவார்கள். அதனால் ஞானதாசன் கேமராவின் முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் நடந்தால் வயலில் நிற்கிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டு, "யாரு வீட்டுக்கு?" என்று கேட்பார்கள். அடுத்த வீட்டுப் பொன்னுலிங்கத்தின் கூரையில் குருவிக்கூடு இருக்கிறதென்று படம் எடுக்கப் போனபோது, அங்கே கட்டிலில் சுகமில்லாமல் கிடந்த பொன்னுலிங்கத்தின் மாமனார் பாதி எழுந்து உட்கார்ந்து, "நான் இன்னும் போகல்ல டே, கொஞ்சம் பொறு" என்றாராம். அதற்குப் பிறகும் அவர் நெடுங்காலம் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

ஞானதாசனின் வேட்டையெல்லாம் வீட்டைச் சுற்றித்தான். கிணற்றடி முருங்கையில் தேன்சிட்டு, பப்பாளியைக் கொத்த வரும் கொண்டைக்குருவி, தென்னைப் பொந்தில் பகலிலும் கண்ணை உருட்டிக்கொண்டிருக்கும் ஆந்தை, வைக்கோற்படப்பின்மேல் நின்று வாலைத் தூக்கிப் பாடும் குண்டுக் கரிச்சான். ஒரு குருவிக்காகக் காலைமுழுதும் கல்போல உட்கார்ந்திருப்பார். அது வந்து, இவர் விசையைத் தட்டுமுன் போய்விட்டால், "போட்டும், நாளைக்கும் அது இங்கதான் இருக்கும்" என்று எழுந்து வருவார். என் தங்கை அவருக்கு ஏற்ற சோடி. குருவி வருகிறதா என்று பார்ப்பதற்காக அடுப்பில் குழம்பைத் தீயவிடுகிறவள் அவள்.

படம் கழுவுவது பத்தாயப்புரையில். நெல் போட்டு வைக்கிற அந்த அறையில் கதவிடுக்கை எல்லாம் கோணிச் சாக்கால் அடைத்துவிட்டு, சிவப்புக் கண்ணாடி போட்ட விளக்கை ஞானபாய் பிடித்துக்கொள்வாள். ஒருநாள் என்னையும் உள்ளே விட்டார்கள். பீங்கான் தட்டிலிருந்த மருந்துத் தண்ணீரில் வெறும் கண்ணாடி கிடந்தது. தட்டை அவர் பைய ஆட்டினார். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, பிறகு கண்ணாடியின் நடுவில் ஏதோ கலங்கியது. "வருது, அக்கா, வருது" என்று ஞானபாய் என் கையைக் கிள்ளினாள். வந்தது ஒரு காக்கை. கழுவுகிற தகட்டில் கறுப்பு வெளுப்பாகவும் வெளுப்பு கறுப்பாகவும் தெரியுமாம். அந்தக் காக்கை பால் வெள்ளையாக இருந்தது. வெள்ளைக் காக்கை பறக்கிறது என்று யாராவது சொன்னால் பொய் என்போம். நான் அன்று அதைக் கண்ணால் பார்த்தேன். எனக்கு உடம்பு சிலிர்த்தது. வெளியே வந்தபிறகு அதை மறைக்க, "இதுக்கா இத்தனை பாடு?" என்று கேட்டேன்.

1932 சித்திரையில் ஞானபாய் ஒரு பெண்பிள்ளையைப் பெற்றாள். பிரசவத்தோடு வந்த காய்ச்சல் அவளை விடவில்லை. பிள்ளைக்குப் பெயர்கூட அவள்தான் சொல்லிவிட்டுப் போனாள், லீலாபாய் என்று.

அடக்கத்துக்கு முன்னால் எல்லோரும் பெட்டியைச் சுற்றி நின்றோம். அப்பா சொன்னார், "மாப்பிளே, கேமராவ எடும்." ஞானதாசன் அசையவில்லை. அப்பா இன்னொரு தடவை சொன்னார்.

"அவ நடமாடுனதப் பாத்தவனாக்கும் நான். இது எனக்கு வேண்டாம் மாமா" என்றார் அவர்.

ஊர்க் குருவிக்கெல்லாம் படம் இருக்கிறது, என் தங்கைக்கு ஒரு படம் இல்லை. விளக்கைப் பிடித்துக்கொண்டு எப்போதும் கேமராவுக்கு இந்தப் பக்கம் நின்றவள் அவள். இதை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கச் சொல்லி அவர் கேட்கவும் இல்லை.

அந்த வாரத்திலேயே அப்பா பேச்சை எடுத்தார். பெண்பிள்ளை, தாயில்லை, ஒற்றை ஆண் எப்படி வளர்ப்பான்? எனக்கோ கல்யாணமாகிப் பல வருஷமாகியும் பிள்ளை இல்லை. நாகர்கோவிலில் நான் வாத்தியாரம்மா, என் வீட்டுக்காரர் சர்க்கார் கச்சேரியில் குமஸ்தா, வீட்டில் இரண்டு பேருக்கு மிஞ்சிய இடம். ஆவணியில் ஞானஸ்நானம் வைத்துக்கொள்வது, அன்று பிள்ளையை ஏந்திக்கொண்டு போதகர் முன்னால் நான் நிற்பது, கோயிலிலிருந்து அப்படியே என் வீட்டுக்குக் கொண்டுபோவது என்று முடிவாயிற்று. அதுவரை பிள்ளை ஆலடிக்குளத்திலேயே இருக்கட்டும் என்றார்கள். காரணம் அன்னக்கிளி. அடுத்த வீட்டுப் பொன்னுலிங்கத்தின் மனைவி; அவர்கள் அய்யாவழி மார்க்கத்துக்காரர்கள். அவளுக்கும் கைக்குழந்தை. "அய்யா எனக்கு ரெண்டு தந்திருக்காருல்லா அக்கா, ஒண்ணு இந்தப் பிள்ளைக்கு. நீங்க என்னத்துக்கு வெசனப்படுதிய?" என்று லீலாவை மடியில் போட்டுக்கொண்டவள் அவள்.

எல்லாம் பேசி முடிந்தபிறகு ஞானதாசன் வாயைத் திறந்தார்.

"மாமா, நம்ம குளத்துல தாமரைக்கோழி உண்டு. முட்டைய இட்டதோட பெட்டை வேற சோடி தேடிப் போயிரும். அடைகாக்கது, குஞ்ச வளக்கது எல்லாம் சேவலாக்கும். ஆபத்து வந்தா குஞ்சுகள ரெண்டு சிறகுக்குள்ளயும் இடுக்கிக்கிட்டு நடக்கும். நான் கரையில நிண்ணு பாத்திருக்கேன்."

அறையில் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"கோழியப் பாத்துப் பிள்ள வளக்கப் போறீராக்கும்?" என்றார் அப்பா.

"படம் கொண்டாந்து காட்டுதேன். பாத்துட்டுச் சொல்லுங்க."

"செரி, ஞானஸ்நானத்துக்கு வரும்போ கொண்டாரும். பாத்துட்டுப் பேசுவோம்" என்றார் அப்பா, சும்மா பேச்சுக்கு. ஞானதாசன் அதைப் பேச்சுக்கு என்று எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளை என் கைக்கு வந்தாயிற்று என்று நான் எண்ணியிருந்தேன். இப்போது நடுவில் ஒரு கோழி வந்து நிற்கிறது.

குளத்தின் நடுவே அடர்ந்த தாமரைப் பற்றில் இருக்கிற பறவையைக் கிட்டப்போய்ப் படம் எடுப்பது எப்படி? பொன்னுலிங்கம் அய்யாவழிக்கு வருமுன் சிறகி என்ற குளத்து வாத்துகளைப் பிடித்து விற்றவர். அந்த வித்தை பெரிய வித்தை. வாய் உடைந்த பானைகளைக் குளத்தில் கவிழ்த்து மிதக்க விட்டுவிடுவார்கள். முதலில் பறவைகள் பயப்படும், பிறகு பானைதானே என்று பக்கத்திலேயே நீந்தும். பழகியபிறகு ஒருவன் பானையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கழுத்தளவு நீரில் நடந்து போவான். காலைப் பிடித்துக் கீழே இழுக்கிறவரை பறவைக்குத் தெரியாது. பொன்னுலிங்கம் பிடிப்பதை விட்டுவிட்டார், பானைகளை விடவில்லை. அவற்றை ஞானதாசனுக்குக் கொடுத்தார். ஞானதாசன் ஒரு பெரிய பானையின் வயிற்றில் ஓட்டை போட்டு, அதற்குள் கேமராவை இருத்தி, வாழைமரத் தண்டில் செய்த மிதப்பில் கட்டினார். தன் தலைக்கு ஒரு பானை. ஆனி சாரலில் குளம் நிறைந்ததும் இந்தக் கூத்து தொடங்கியது.

நான் சனிக்கிழமை தோறும் பஸ் ஏறிப் போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வருவேன். பார்த்துவிட்டு என்ன, குற்றம் கண்டுபிடிக்கத்தான் போவேன். வேர்க்குரு இருக்கிறதா, துணி வெளுத்ததா, மேலில் எண்ணெய் தேய்த்ததா என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஆடி முடிகிற சனிக்கிழமை. போனால் வீட்டில் ஆள் இல்லை. குளக்கரைக்கு ஓடினேன். கரையில் நிற்கிற புன்னை மரத்தில் ஞானபாயின் பழைய சேலையில் தொட்டில் கட்டியிருந்தது. உள்ளே பிள்ளை தூங்குகிறது. சுற்றிலும் ஒரு மனிதரைக் காணோம். காற்றில்லை, ஆனால் தொட்டில் ஆடுகிறது. கிட்டே ஓடினேன். பிறகுதான் தொட்டிலின் அடியில் ஒரு கயிறு கட்டியிருப்பதைக் கண்டேன். கயிறு புல்லில் ஓடி, தண்ணீரில் இறங்கி, தாமரை இலைகளுக்கு நடுவே போய், மிதக்கிற பானை ஒன்றின் பக்கத்தில் முடிந்தது. கயிறு இறுகித் தளர, தொட்டில் போய் வந்தது.

நான் போட்ட சத்தத்தில் குளத்திலிருந்த கொக்கெல்லாம் எழும்பியது. பானை திரும்பியது. பானைக்குள்ளிருந்து ஞானதாசனின் குரல் வந்தது.

"சத்தம் போடாதீங்க மயினி!"

கரைக்கு வந்தார். காலில் அட்டை தொங்குகிறது, தாமரைத் தண்டின் முள் கீறி மேலெல்லாம் கோடு. எனக்கு இரக்கம் வரவில்லை.

"பிள்ளைய மரத்துல தூக்கிப் போட்டுட்டு வெள்ளத்துல கிடக்கீரே, ஒமக்குப் புத்தி இருக்கா? நான் ஆவணி வரைக்கும் பொறுக்க மாட்டேன். இண்ணைக்கே போதகரப் பாத்து நாளைக்கே ஞானஸ்நானம் வைக்கச் சொல்லப்போறேன். நாளைக்கே பிள்ளையக் கொண்டுபோறேன்."

அவர் முகம் செத்துப்போயிற்று.

"கொண்டுபோங்க மயினி. அதுக்கு முன்ன ஒருதடவ என்கூட வந்து பாருங்க. கேமராவுல ஒரு தகடு இருக்கு, அதுதான் கடைசி. குஞ்சு பொரிச்சிருக்கு. இண்ணைக்கு விட்டா அது பெருசாயிரும், பெறவு தூக்காது. வந்து பாத்துட்டா நான் பெறவு ஒரு வார்த்த பேச மாட்டேன்."

நான் முடியாது என்றுதான் சொல்ல நினைத்தேன். அதற்குள் என் சத்தம் கேட்டு வந்துவிட்ட அன்னக்கிளி, "போய்ப் பாருங்க அக்கா, பிள்ளைக்கு நான் நிக்கேன்" என்றாள். என்னைப் பார்த்துச் சிரிப்பை அடக்குகிறாள் என்று தோன்றியது. அந்தச் சிரிப்புக்காகவே சேலையை வரிந்து கட்டினேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் என் செருப்புச் சத்தம் கேட்டாலே வாயை மூடுவார்கள். அந்தச் செல்லபாய் வாத்தியாரம்மா ஆலடிக்குளத்தில் இறங்கி, உடைந்த பானையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டாள்.

பானைக்குள் பழைய கஞ்சி வாடை. என் மூச்சே எனக்கு இரைச்சலாகக் கேட்டது. கண்ணுக்கு நேரே போட்ட இரண்டு ஓட்டை வழியாகத்தான் உலகம். சேறு காலை இழுக்க, முள் கீற, நாங்கள் ஒவ்வொரு அடியாகப் போனோம். அவர் மிதப்பைத் தள்ளிக்கொண்டு முன்னால்; இடுப்பில் தொட்டில் கயிறு. தாமரைப் பற்றுக்குள் போய் நின்றதும், "இனி அசையாதீங்க" என்றார்.

எவ்வளவு நேரம் நின்றோமோ. பழகப் பழகத்தான் தெரிந்தது, குளம் சும்மா இருக்கவில்லை. இலைமேல் ஒரு நண்டு, இலைக்கடியில் மீன் வாய் வைக்கிற சத்தம், ஒரு மீன்கொத்தி விழுந்து எழும்புகிறது. நான் குளக்கரைக்குப் பலதடவை வந்து போனவள். இதை ஒன்றையும் பார்த்ததில்லை. கண்மட்டத்துக்குத் தண்ணீர் வந்தால்தான் இது தெரியும்போல.

அப்போது அது வந்தது. கறுத்த கழுத்து. கண்ணுக்குமேல் வெள்ளைக் கோடு. முதுகு, புளி போட்டு விளக்கிய செம்புக் குடம்போல வெயிலில் மின்னுகிறது. விரல்களோ அதன் உடம்புக்குப் பொருத்தமே இல்லாத நீளம். அந்த விரல்களை இலைமேல் அகல விரித்து, இலை முங்காமல், நனையாமல் நடந்து வருகிறது. தண்ணீர்மேல் நடப்பதை நான் ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பார்த்தது அன்றுதான். அதன் பின்னால் குஞ்சுகள், பஞ்சுக்குக் கால் முளைத்ததுபோல, ஓடி ஓடி வந்தன. கை நீட்டினால் தொடலாம்.

"தள்ளைக்கு என்ன கரிசனம் பாத்தீரா" என்றேன் மெதுவாக.

"தள்ள இல்ல மயினி. அது தவப்பனாக்கும்."

கேமராப் பானைக்குள் அவர் கை போனது. பறவை சரியாக அதன் முன்னால் வந்துகொண்டிருந்தது. எடுத்துவிடுவார் என்று தெரிந்தது. எடுத்துவிட்டால் என் கதி என்ன என்றும் அப்போதே நினைத்தேன், பொய் சொல்லவில்லை.

கரையில் பிள்ளை அழுதது.

அவர் இடுப்புக் கயிற்றை ஒரு கையால் இழுத்தார். தொட்டில் ஆடியிருக்கும். அழுகை நிற்கவில்லை. அன்னக்கிளி பார்ப்பாள் என்று நான் நினைத்தேன். அவள் தன் பிள்ளை எழுந்த சத்தம் கேட்டு வீட்டுப் பக்கம் போயிருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது. பிள்ளை மறுபடி வீறிட்டது. எனக்கு இரண்டு அழுகையும் ஒன்றுதான். அவருக்கு அப்படி இல்லை.

"இது பசி இல்ல" என்றார். தலையிலிருந்த பானையைத் தள்ளிவிட்டு, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு கரையைப் பார்த்து ஓடினார். மிதப்பு சரிந்தது, கேமராப் பானை விழாமல் நான் இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டேன். ஓடுகிறவர் ஒருதடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

பறவை பறந்துவிடும் என்றுதான் எண்ணினேன். அது பறக்கவில்லை. உடம்பைத் தாழ்த்தி இலைமேல் குந்தியது. ஏதோ சொன்னது, மிகச் சின்னச் சத்தம். சிதறி ஓடிய குஞ்சுகள் எல்லாப் பக்கமிருந்தும் திரும்பி வந்து அதன் சிறகுக்கடியில் நுழைந்தன. சிறகை மூடியது. பிறகு எழுந்து நின்றது. இரண்டு பக்கமும் சிறகுக்குக் கீழே குஞ்சுகளின் கால்கள் தொங்கின. கொத்துக்கொத்தாக, ஆடிக்கொண்டு. ஒரு குஞ்சின் கால் மற்றதைவிட நீளமாகத் தொங்கி இலையில் உரசியது. அத்தனை கால்களோடும் அது என் முன்னால் ஓர் இலையிலிருந்து அடுத்த இலைக்கு நடந்தது. அவசரம் இல்லை, ஆனால் நிற்கவும் இல்லை. ஒரு கண்ணால் என் பானையைப் பார்த்தது. நடந்துகொண்டே போய்த் தாமரைப் பற்றுக்குள் மறைந்தது.

ஆண்டவரே, என்று வாய்விட்டுச் சொன்னேன். வேறு வார்த்தை வரவில்லை. கேமரா என் கையிலேயே இருந்தது. அதை எங்கே தட்டுவது என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அப்போது கை அசைந்திருக்காது.

எப்படிக் கரைக்கு வந்தேன் என்று நினைவில்லை. புன்னை மரத்து முசுறு எறும்பு தொட்டிலில் இறங்கிப் பிள்ளையின் தொடையில் கடித்திருந்தது. ஞானதாசன் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். பிள்ளை அவருடைய ஈர நெஞ்சில் முகத்தை வைத்து விக்கிக்கொண்டிருந்தது. அதற்கு மூச்சு அடங்கினபிறகுதான் என்னைப் பார்த்தார்.

"அது போயிருக்கும், இல்லியா மயினி?"

ஆமாம், பறந்துவிட்டது என்று சொன்னால் போதும். யாரும் என்னைக் கேட்கப்போவதில்லை.

"குஞ்சுகள இடுக்கிக்கிட்டு" என்றேன்.

"இடுக்கிச்சா?"

"ம்."

"ரெண்டு பக்கத்திலயுமா? காலு தொங்குச்சா?"

"தொங்குச்சு. எல்லாக் காலும் தொங்குச்சு."

"நடந்துச்சா?"

"நடந்துச்சு மாப்பிளே. என் முகத்துக்கு நேரே நடந்துச்சு."

அவர் பிள்ளையோடு புல்லில் உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. "நான் இத்தன பக்கத்துல ஒருநாளும் பாக்கல்ல. நீங்க பாத்துட்டிய. நீங்க பாத்துட்டிய" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அதில் பொறாமை இல்லை. எனக்கு ஏதோ பெரிய பாக்கியம் கிடைத்துவிட்டதுபோல என்னைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். அப்படி ஒரு மனிதரை அதுவரை நான் கண்டதில்லை. நான் அன்று போதகரைப் பார்க்கப் போகவில்லை.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். பிள்ளைக்கு வெள்ளைக் கவுன் நான் தைத்தது, கழுத்தில் லேஸ் வைத்து. என் வீட்டில் தேக்குத் தொட்டில் வாங்கி மாட்டியாயிற்று. காலையில் கோயில் வாசலில் சொந்தக்காரர்கள் எல்லோரும் நின்றார்கள். அப்பா, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "மாப்பிளே, கோழிப் படம் எங்க?" என்றார்.

"கிடைக்கல்ல மாமா" என்றார் ஞானதாசன். அவ்வளவுதான். பிள்ளை அழுததையோ தான் ஓடியதையோ சொல்லவில்லை. சொன்ன வாக்குப்படி பிள்ளையை என் பக்கம் நீட்டினார்.

நான் வாங்கினேன். அதைச் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும். வாங்கி, நெஞ்சோடு அணைத்து, கோயிலின் நடுவழியில் பாதித் தூரம் நடந்தேன். பிள்ளையின் தலையில் எண்ணெய் வாசம். என் வாழ்நாளில் அவ்வளவு கனமில்லாத ஒன்றை அவ்வளவு ஆசையோடு நான் தூக்கியதில்லை. போதகர் தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் நின்றார்.

"பிள்ளைய ஏந்துகது யாரு? தாயாருக்குப் பதிலா நீங்களா அம்மா?" என்று கேட்டார்.

நான் நின்றுவிட்டேன். பின்னால் வந்துகொண்டிருந்தவர்களும் நின்றார்கள்.

"தாயாருக்குப் பதில் யாரும் வேண்டாம் ஐயரே" என்றேன். "அதுக்குத் தவப்பன் இருக்கியாரு."

அப்பா என் பின்னால், "ஏட்டி செல்லபாய், என்னட்டி இது?" என்று பல்லைக் கடித்தார். நான் திரும்பினேன்.

"படம் இல்லப்பா. நான் பாத்தேன். அவரு சொன்னது உள்ளதாக்கும். படம் வேணும்னா இனி என்னைப் பாத்துக்கிடுங்க."

எங்கள் சபையில் கோயிலுக்குள் பெண் ஒருத்தி அப்படிச் சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. ஞானதாசன் முன்னால் வந்தார். பிள்ளையை அவரிடம் கொடுத்தேன். அவர் மேல்முண்டுக்குள் இடது கையால் அதை அணைத்துப் பிடித்தார். போதகர் பெயரைச் சொல்லித் தண்ணீர் தெளித்தார். கவுனுக்கு வெளியே இரண்டு சின்னக் கால்களும் தொங்கிக்கொண்டிருந்தன.

ஞானதாசன் அந்தப் பிள்ளையை வளர்த்தார். நன்றாகவே வளர்த்தார். அதற்குப் பிறகும் அவர் பல பறவைகளைப் படம் எடுத்தார், தாமரைக்கோழியையும் எடுத்தார், நடக்கிற தாமரைக்கோழி, பறக்கிற தாமரைக்கோழி. குஞ்சுகளை இடுக்கிக்கொண்டு நடப்பதை மட்டும் கடைசிவரை எடுக்க வாய்க்கவில்லை. லீலா கேட்டால், "அதப் பெரியம்மைட்ட கேளு மக்கா" என்று என்னிடம் அனுப்பிவிடுவார். நானும் சொல்வேன்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை, சாப்பாடு முடிந்து என் வீட்டுக்காரரோடு நாகர்கோவில் பஸ் ஏறி உட்கார்ந்தேன். பிள்ளையைக் கிடத்துவதற்கென்று கொண்டுபோன புதுத் துணி மடியில் மடித்தபடியே இருந்தது. செய்தது சரிதான் என்று எனக்குத் தெரியும். வழியில் புத்தேரி தாண்டுகிறவரை என் கைகளை எங்கே வைப்பதென்றுதான் தெரியவில்லை.